சும்மா உட்கார ஓர் இடம்

நான் மூன்றாம் வகுப்பு படித்த வருஷத்தில் எங்கள் ஞாயிற்றுக்கிழமைகள் எல்லாம் வெள்ளிமலையில் கழிந்தன. கள்ளக்குறிச்சியில் காலை வண்டி ஏறுவோம். அம்மா என்னை ஜன்னல் ஓரம் உட்காரவைத்து, தூக்குவாளியைத் தன் மடியில் வைத்துக்கொள்வாள். கோமுகி அணையைத் தாண்டி மலை ஏறத் தொடங்கியதும் காற்றின் வாசம் மாறும். வளைவுகளில் வண்டி முனகும். கீழே விட்டுவந்த வயல்கள் ஒரு பக்கம் சாய்ந்து, அடுத்த வளைவில் மறுபக்கம் போய் நிற்கும். அரைத்தூக்கத்தில் அதைப் பார்த்துக்கொண்டே வருவேன். மலைக்குக் கீழே இருப்பது ஒரே ஊர்தானா, இல்லை வளைவுக்கு ஒன்றாக வேறு வேறு ஊர்களா என்று எனக்குச் சந்தேகம்.

அப்பா மலைக்கு ஜீப் ஓட்டப் போனவர். முதலில் வாரத்துக்கு ஒரு தரம் வீட்டுக்கு வந்தார். பிறகு அமாவாசைக்கு ஒரு தரம். பிறகு வரவில்லை. அவரைப் பார்க்கத்தான் நாங்கள் போனோம். வெள்ளிமலையில் இறங்கியதும், பேருந்து நிற்கும் இடத்துக்கு எதிரே பலா மரத்தடியில் இருந்த சிமெண்டு பெஞ்சில் அம்மா உட்காருவாள். பத்து மணியிலிருந்து நாலு மணி வண்டி வரும்வரை அங்கேயே இருப்பாள். அப்பா ஒரு ஞாயிற்றுக்கிழமைகூட வந்ததில்லை. மதியம் தூக்குவாளியைத் திறந்து இரண்டு பேரும் புளிச்சோறு சாப்பிடுவோம். மேகம் இறங்கி வந்தால் பெஞ்சும் மரமும் நாங்களும் மட்டும் மிச்சம் இருப்போம். பக்கத்தில் டீக்கடை இருக்கிறது என்பது பாய்லர் போடும் சத்தத்தால்தான் தெரியும். நான் கோழிகளைத் துரத்துவேன். உதிர்ந்த பலா இலைகளை ஈர்க்குச்சியால் குத்திக் கிரீடம் செய்து நானே வைத்துக்கொள்வேன். அம்மா சாலையைப் பார்த்தபடி இருப்பாள். நாலு மணிக்கு வண்டி ஏறினால் முதல் வளைவுக்குள் நான் தூங்கிவிடுவேன்.

அடுத்த வருஷம் நாங்கள் போகவில்லை. ஏன் என்று நான் கேட்கவில்லை, அம்மாவும் சொல்லவில்லை. அப்பாவைப் பற்றிய பேச்சும் அத்தோடு நின்றுபோயிற்று.

கல்லூரியில் தமிழ் படித்து முடித்தபின், கடலோர ஊர் ஒன்றின் பல்கலைக்கழகத்தில் நாடகம் படிக்கச் சேர்ந்தேன். நாடகத்துக்கென்று ஒரு படிப்பு இருப்பதே விண்ணப்பம் போடுவதற்கு இரண்டு வாரம் முன்புதான் எனக்குத் தெரியும். இரண்டாம் ஆண்டுத் தொடக்கத்தில் எங்கள் பேராசிரியை ஒரு வேலை கொடுத்தார். எங்கள் வாழ்க்கையில் நிஜமாக நடந்த ஒன்றை எடுத்துக்கொள்ள வேண்டும். அது எங்கே நடந்ததோ அந்த இடத்திலேயே நிகழ்த்த வேண்டும். மேடை, விளக்கு எதுவும் கூடாது. அந்த இடத்தில் அன்றைக்கு யார் இருக்கிறார்களோ அவர்கள்தான் பார்வையாளர்கள்.

மற்றவர்கள் யோசித்துத் தவித்தார்கள். எனக்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. பெஞ்சில் காத்திருக்கும் அம்மா கண்முன் வந்து உட்கார்ந்துவிட்டாள்.

ஒரு மாதம் உழைத்தேன். கைவிடப்பட்ட பெண்ணின் காத்திருப்பு என்று நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிவைத்தேன். அம்மாவின் பழைய அரக்குச் சேலை ஒன்றை, காரணம் சொல்லாமல் வாங்கி வந்தேன். துறையின் ஒத்திகைக் கூடத்தில் ஒரு நாற்காலியைப் பெஞ்சாக வைத்துக்கொண்டு, அம்மாவாக உட்கார்ந்து பழகினேன். ஒவ்வொரு வண்டிச் சத்தத்துக்கும் முகத்தில் ஒரு நம்பிக்கை வரும். ஒவ்வொரு தரமும் அது கொஞ்சம் குறையும். கடைசி வண்டி போனபின், பிரித்த சோற்றைப் பிள்ளைக்கு ஊட்டுவது போல ஊட்டிக்கொண்டே அழுவேன். முதல்முறை முழுவதும் நடித்துக் காட்டியபோது என் வகுப்பில் பாதிப் பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

பேராசிரியை மட்டும் கன்னத்தில் கைவைத்தபடி இருந்தார்.

"நல்லா இருக்கும்மா. இந்த வேலைக்காக அந்த எடத்துக்குப் போயிருந்தியா?"

"சின்ன வயசுல வாராவாரம் போவேன் மேடம்."

"அது சரி. இப்ப போனியா?"

"இல்ல மேடம்."

"போயிட்டு வா."

எனக்குக் கொஞ்சம் கோபம்தான். என் நினைவை என்னைவிட அந்த பெஞ்சுக்கு நன்றாகத் தெரியுமா என்று முணுமுணுத்துக்கொண்டே கிளம்பினேன். ஊருக்குப் போகிறேன் என்று அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை. கள்ளக்குறிச்சியில் இறங்கி அப்படியே மலை வண்டியில் ஏறிவிட்டேன்.

ஒரு புதன்கிழமை அது. சாலை அகலமாகியிருந்தது. மேலே போனதும் கூரை போட்ட புதிய நிழற்குடை ஒன்று இருந்தது. எதிரே பலா மரமும் அதனடியில் பெஞ்சும் அப்படியே இருந்தன. பெஞ்சின் ஒரு மூலை மட்டும் உடைந்து கம்பி தெரிந்தது. நான் போய் உட்கார்ந்தேன். என் நினைவில் அது பெரிய பெஞ்சு. இரண்டு பேர் உட்கார்ந்தால் மூன்றாவது ஆளுக்கு இடம் இல்லாத அளவுதான் உண்மையில் இருந்தது.

டீக்கடையும் இருந்தது. கடைக்கார அம்மா கிளாஸ் கழுவிக்கொண்டே என்னை இரண்டு மூன்று தரம் பார்த்தார். பிறகு ஈரக்கையோடு வெளியே வந்தார்.

"யாரு பாப்பா நீ? எங்கியோ பாத்த மொகமா கீதே."

"சின்னப் பிள்ளையில வருவேன் பெரிம்மா. எங்க அம்மாகூட. ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம வந்து இங்கதான் குந்தினு இருப்போம்."

"அட! இல கிரீடம் வெச்சிக்கினு திரிவியே, அந்தக் குட்டியா? அதான், அம்மா மொகம் அப்படியே கீது. நல்லா இருக்குதா உங்கம்மா?"

நல்லாயிருக்கிறாள் என்றேன். அவர் டீ போட்டுக் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார். நான் என் வேலையைத் தொடங்கினேன். அம்மா எப்படிக் காத்திருந்தாள், என்ன கேட்டாள், எப்போதாவது அழுதாளா என்று விசாரித்தேன்.

"யாருக்குக் காத்துக்கினு இருந்துது?" என்றார் அவர்.

"எங்கப்பாவுக்குத்தான்."

"உங்கப்பனா? அந்த ஆளு அப்பவே கேரளாவுக்கு எஸ்டேட்டு வேலைக்குப் பூட்டானே. உங்கம்மா வந்த ரெண்டாவது வாரமே நான்தான் சொன்னேன், எம்மா, அந்த ஆளு மலையில இல்ல, நீ எதுக்கு வீணா அலையறன்னு."

"அம்மா இன்னா சொன்னாங்க?"

"சரிக்கான்னு சொல்லிச்சி. அடுத்த வாரமும் வந்துச்சி. அப்பால நான் கேக்கறதே இல்ல."

கீழே இறங்கும் வண்டியில் எனக்கு எதுவும் ஓடவில்லை. ஜன்னலுக்கு வெளியே மேகம் மரங்களை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டிருந்தது. ஒரு மாதமாக நான் செய்து வைத்திருந்த பெண்ணும் அப்படித்தான் போய்க்கொண்டிருந்தாள். முதலில் அவள் முகத்திலிருந்த நம்பிக்கை போயிற்று, பிறகு சாலையைப் பார்த்த பார்வை. கடைசியில் அரக்குச் சேலை மட்டும் மிஞ்சியது. கூடவே ஒரு கோபமும் வந்தது. இல்லாத ஆளைத் தேடி என்னை ஒரு வருஷம் மலை ஏற்றி இறக்கியிருக்கிறாள்! ஒருவேளை நம்பாமல் போயிருப்பாளோ? மனம் கொஞ்சம் பிசகியிருந்த காலமோ? அப்படி நினைத்தபோது கோபம் போய்ப் பயம் வந்தது.

அம்மா அப்போது மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒற்றை அறை வீட்டில் வாடகைக்கு இருந்தாள். கல்யாண மண்டபங்களில் பாத்திரம் கழுவும் வேலை. முகூர்த்தம் இல்லாத நாள் என்பதால் வீட்டில் இருந்தாள். மண்டபத்தில் மிச்சமான கறிவேப்பிலைக் கட்டை மடியில் போட்டு இலையை உருவிக்கொண்டிருந்தாள்.

"இன்னாடி திடீர்னு? லீவா?"

"வெள்ளிமலைக்குப் போயிட்டு வரேம்மா."

உருவிக்கொண்டிருந்த கை நின்றது. பிறகு ஓடியது. "அந்தக் கட இன்னும் கீதா?"

"கீது. அவங்க எல்லாத்தையும் சொல்லிட்டாங்க. அப்பா அங்க இல்லன்னு ஒனக்கு ரெண்டாவது வாரமே தெரியுமாம்."

"தெரியும்."

"அப்பறம் எதுக்கும்மா வருஷம் பூரா என்ன இட்டுக்கினு போன?"

அம்மா என்னைப் பார்த்தாள். நான் என்ன கேட்கிறேன் என்று நிஜமாகவே விளங்காதது போல இருந்தது அந்தப் பார்வை.

"குந்தறதுக்கு," என்றாள்.

அவளே தொடர்ந்தாள். எட்டு மணிக்கு மார்க்கெட்டுக்குப் போய் வந்த கதையைச் சொல்வதுபோலச் சொன்னாள்.

அப்போது நாங்கள் பெரியப்பா வீட்டில் ஒரு மூலை அறையில் இருந்தோம். புருஷன் கூட இல்லாத மருமகள் என்பதால் அந்த வீட்டு வேலை முழுவதும் அம்மா தலையில். விடிவதற்குள் வாசல் தெளித்து, மாட்டுக்குத் தண்ணீர் காட்டி, பத்துப் பேருக்குச் சமைத்துவிட்டு, அதற்கப்புறம் கரும்புக் காட்டுக்கோ மரவள்ளி பிடுங்கவோ கூலிக்குப் போவாள். சாயங்காலம் வந்தால் மறுபடி அடுப்பு. எனக்கும் அது தெரியும்தான். தெரியும் என்றால், பார்த்திருக்கிறேன். பிள்ளைகள் பார்ப்பதுபோல.

"ஞாயித்துக்கெழம வூட்ல இருந்தா சும்மா உடுவாங்களா? சித்த சொவத்துல சாஞ்சாலும், இன்னா குந்திக்கினன்னு கேப்பாங்க. ஆனா புருஷனத் தேடி போறேன்னு சொன்னா யாரு வேணான்னு சொல்லுவாங்க? உங்க பெரியப்பாவே பஸ்ஸு ஏத்தி உடுவாரு, நல்ல சேதியோட வாம்மான்னு. மொதோ தரம் நெசமாத்தான் சண்ட போடணும்னு போனேன். அந்த ஆளு வரல. காலையிலேருந்து சாயங்காலம் வரைக்கும் அந்த எடத்துல குந்தினு இருந்தேன். ஒருத்தர் கூப்புடல. ஒரு வேல சொல்லல. ஜில்லுனு காத்து. கல்யாணம் ஆனதுலேருந்து நான் அப்பிடி குந்துனதே இல்லடி."

"அப்ப சாலையையே பாத்துக்கினு இருந்தியே?"

"பின்ன எங்க பாக்கறது? எதுருல அதான கீது."

நான் சிரித்துவிட்டேன். அம்மாவும் சிரித்தாள், கொஞ்சம் தாமதமாக.

"அப்பறம் ஏன் நிறுத்தின?"

"யாரோ கேரளாவுல அந்த ஆளப் பாத்தேன்னு உங்க பெரியப்பாகிட்ட சொல்லிட்டாங்க. இனிமே எதுக்கு மலைக்குன்னாரு. அதோட லீவு முடிஞ்சிபோச்சி."

லீவு என்றுதான் சொன்னாள். உருவிய இலைகளைக் குவித்துத் தாளில் சுற்றி வைத்தாள். ஒருவர் வாழ்க்கையை எடுத்து நிகழ்த்துவது என்று நாங்கள் வகுப்பில் எவ்வளவோ பேசியிருக்கிறோம். கேட்டுத்தான் எடுக்க வேண்டும் என்பது அந்தப் பேச்சில் எப்போதோ வந்துபோன ஒரு வரி. நான் எட்டு வயதில் பார்த்ததை என்னுடையது என்று நினைத்து, கேட்காமலே எடுத்து, தவறாகவும் எடுத்திருந்தேன். கூடம் முழுவதையும் அழவைத்திருந்தேன்.

அன்றைக்கு எல்லாவற்றையும் அம்மாவிடம் சொன்னேன். சேலை எதற்கு வாங்கிப் போனேன் என்பதையும், அவளாக உட்கார்ந்து அழுததையும் சொன்னேன். வாயைப் பிளந்து கேட்டாள்.

"இத போயி ஆளுங்க முன்னால செய்யறதுக்கா படிக்கற?"

"நீ வேணான்னா உட்டுடறேன்மா."

அவள் யோசித்தாள். பெரியப்பா இறந்து மூன்று வருஷமாகியிருந்தது. "அவரு இருக்காரா இன்னா, கேக்கறதுக்கு," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பிறகு, "செய். ஆனா அழுவாத. நான் அங்க ஒரு நாளும் அழுவல," என்றாள்.

"நீயும் வரியா?"

"எனக்கு மண்டபத்துல வேல கீது."

திரும்பிப் போய்ப் பேராசிரியையிடம் என் பழைய நிகழ்வை விட்டுவிட்டதாகச் சொன்னேன். புதிதாக என்ன செய்யப்போகிறாய் என்றார். பத்து மணியிலிருந்து நாலு மணி வரை அந்த பெஞ்சில் சும்மா உட்காரப்போகிறேன் என்றேன். பக்கத்தில் யார் வேண்டுமானாலும் வந்து உட்காரலாம். பேச வேண்டாம், எதுவும் செய்ய வேண்டாம். நான் சொல்லி முடித்ததும் ஒரு நண்பன், "இதுல நடிப்பு எங்கடி இருக்கு?" என்று கேட்டான். எனக்கும் தெரியவில்லை. பேராசிரியை, "மழைக்கு ஏதாவது எடுத்துக்கோ," என்று மட்டும் சொன்னார்.

கார்த்திகை மாதம். மதிப்பிட வந்திருந்த வெளியூர்த் தேர்வாளர், பேராசிரியை, என் வகுப்பினர் எட்டுப் பேர், எல்லோரும் ஒரு வேனில் மலைக்குப் போனோம். மலை ஈரமாக இருந்தது. கடுக்காய் மரங்களிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. ஓர் அட்டையில் 'இங்கே சும்மா உட்காரலாம்' என்று பெரிதாக எழுதிப் பலா மரத்தில் கட்டினேன். பெஞ்சின் ஈரத்தைத் துடைத்தேன். பத்து மணி வண்டி வந்தபோது உட்கார்ந்தேன்.

முதல் அரை மணி நேரம் கொடுமையாக இருந்தது. கைகளை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. நிழற்குடையில் உட்கார்ந்து தேர்வாளர் என்னைப் பார்க்கிறார் என்பது முதுகு வரைக்கும் தெரிந்தது. ரேஷன் கடையிலிருந்து மூட்டையோடு வந்த இரண்டு பெண்கள் அட்டையை எழுத்துக்கூட்டிப் படித்தார்கள்.

"இன்னா வேல இங்க?" என்றார் ஒருவர்.

"வேல ஒண்ணும் இல்லீங்க. சும்மா குந்தறதுதான்."

"அதுக்கா வேனு வெச்சிக்கினு வந்தீங்க?"

இருவரும் சிரித்தார்கள். போய்விடுவார்கள் என்று நினைத்தேன். மூத்தவர் தலைச்சுமையை இறக்கிவைத்துவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார். இடமில்லாததால் மற்றவர் மூட்டைமேலேயே உட்கார்ந்தார். அரிசியின் வாசம் வந்தது. பத்து நிமிஷம் இருந்திருப்பார்கள். எழுந்தபோது மூத்தவர், "இதுவும் நல்லாத்தான் கீது," என்று சொல்லிவிட்டுச் சுமையைத் தூக்கிக்கொண்டார். அவருக்குப் பின்னால் வேறு சிலரும் வந்தார்கள். ஒருவர் பீடியைப் பற்றவைத்து, பிறகு என்னவோ தோன்றி அணைத்துவிட்டார். டீக்கடை அம்மா கடையைத் திறந்தபடி விட்டுவிட்டு வந்து கொஞ்ச நேரம் உட்கார்ந்தார்.

பன்னிரண்டரை மணி வண்டியிலிருந்து அம்மா இறங்கினாள்.

முதலில் எனக்கு அது அம்மா என்றே படவில்லை. மேகம் சாலைவரைக்கும் வந்திருந்தது. அதற்குள்ளிருந்து கொடியில் காய்ந்த துணி போல ஓர் உருவம் தனியாக வந்தது. கையில் ஒரு மஞ்சள் பை. நிழற்குடையில் இருந்தவர்களை அவள் பார்க்கவில்லை. மரத்தையும் அட்டையையும் பார்த்தாள். எழுத்து தெரியாது அவளுக்கு. நேராக வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"மண்டபம்?" என்றேன் மெதுவாக.

"லீவு போட்டுட்டேன்."

பேசக்கூடாது என்பது நான் வைத்த விதி. அதற்குமேல் நான் பேசவில்லை. அவளும் பேசவில்லை. எதிரே சாலை இருந்தது. இரண்டு பேரும் அதைப் பார்த்தோம். கொஞ்ச நேரத்தில் சாலையும் இல்லை. வெள்ளையாக ஒன்று வந்து நிழற்குடையை மூடியது, தேர்வாளரை மூடியது, வேனை மூடியது. பாய்லர் சத்தம் எங்கோ ஆழத்திலிருந்து வந்தது. ஒரு கோழி எங்கள் காலடியில் வந்து நின்று, மேகத்துக்குள் தலையை விட்டு, மறுபடி எடுத்துக்கொண்டது. என் வயது என்னவென்று கேட்டிருந்தால் அந்த நிமிஷத்தில் எனக்குச் சொல்லத் தெரிந்திருக்காது.

அம்மாவின் தலை என் தோளில் பட்டது. முதலில் லேசாகப் பட்டு விலகியது. பிறகு விலகவில்லை. முந்தின நாள் முகூர்த்தம், இரண்டு பந்திப் பாத்திரம் முழுவதையும் கழுவிவிட்டுக் காலையில் வண்டி ஏறியிருக்கிறாள் என்று அப்புறம்தான் தெரிந்தது. தோளிலிருந்து அவள் தலை சரிந்தது. நான் நகர்ந்து இடம் கொடுத்தேன். அந்தச் சின்ன பெஞ்சில் காலை மடக்கிக்கொண்டு, என் மடியில் தலைவைத்து அம்மா தூங்கிப்போனாள்.

அவள் பகலில் தூங்கி நான் பார்த்ததில்லை. வாய் கொஞ்சம் திறந்திருந்தது. சோப்புத் தண்ணீரில் ஊறிய விரல்களின் நுனி வெளுத்துச் சுருங்கியிருந்தது. அந்த விரல்கள் தூக்கத்தில் ஒரு தரம் எதையோ தேய்த்துவிட்டு நின்றன. நான் ஆறு மணி நேரத்துக்கு மனதில் போட்டு வைத்திருந்த திட்டம் எதுவும் அதற்குப் பிறகு எனக்கு ஞாபகம் இல்லை. எழுப்பிவிடக் கூடாது என்ற ஒன்றுதான் இருந்தது.

மேகம் விலகியபோது எதிரே ஆட்கள் கூடியிருந்தார்கள். என் வகுப்பினர், டீ குடிக்க வந்தவர்கள், காலையில் வந்த அந்த இரண்டு பெண்கள். சந்தையிலிருந்து திரும்பிய ஜீப் ஒன்றின் ஓட்டுநர் கூட்டத்தைப் பார்த்து, என்ஜினை அணைத்துவிட்டு, வண்டியைச் சரிவில் தானாக உருளவிட்டார். மழை தூறியது. நண்பன் ஒருவன் நாங்கள் கொண்டுவந்த தார்ப்பாயை விரித்து இரண்டு பேரிடம் ஒரு பக்கத்தைக் கொடுத்தான். மறு பக்கத்தில் ஒரு முனை தொங்கிக்கொண்டிருந்தது. தேர்வாளர் எழுந்து வந்து அதைப் பிடித்துக்கொண்டார். தார்ப்பாயின்மேல் மழை விழும் ஓசைக்கு அடியில் அம்மாவின் மூச்சு எனக்குக் கேட்டுக்கொண்டே இருந்தது.

என் கால் மரத்துப்போய், பிறகு அது என் காலே இல்லை என்று ஆனது. ஒரு கட்டத்தில் எனக்கு அழுகை வந்தது. அழாதே என்று அவள் சொன்னது ஞாபகம் வந்து அடக்கிக்கொண்டேன். அடக்க முடிந்தது என்று சொல்ல மாட்டேன். கொஞ்சம் வந்தது. தார்ப்பாயிலிருந்து சொட்டிய மழை என்று நினைத்திருப்பார்கள்.

நாலு மணி வண்டி வந்தது. ஆட்கள் ஏறினார்கள். நடத்துநர் விசிலை வாயில் வைத்தார். எங்கள் பக்கம் பார்த்தார். விசிலை எடுத்துவிட்டு, வண்டியின் தகரத்தில் உள்ளங்கையால் மெதுவாக இரண்டு தட்டு தட்டினார். வண்டி பெரிய சத்தம் இல்லாமல் நகர்ந்தது.

அது போன பிறகுதான் அம்மா கண் விழித்தாள். தலைக்குமேல் தார்ப்பாய், அதைப் பிடித்தபடி சட்டையெல்லாம் நனைந்த ஒரு பெரியவர், சுற்றிலும் முகங்கள். பதறி எழுந்து சேலையைச் சரிசெய்தாள்.

"இன்னாடி இது, எழுப்ப மாட்டியா? நாடகம் ஆரம்பிச்சிட்டாங்களா?"

யாரோ சிரித்தார்கள். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். டீக்கடை அம்மா ஓடிவந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "பதினாலு வருசம் ஆச்சி," என்றார். "ஆமாங்க்கா," என்றாள் அம்மா. அவர்கள் இருவரும் கடைக்குள் போய்விட்டார்கள். என்னால் எழுந்து நிற்க முடியவில்லை. இரண்டு பேர் தூக்கிவிட்டார்கள்.

மதிப்பெண் சுமாராகத்தான் வந்தது. அடுத்த வாரம் நேர்காணலில் தேர்வாளர் நியாயமான ஒரு கேள்வி கேட்டார். தூங்கியது அம்மா, மழையைக் கொண்டுவந்தது வானம், தார்ப்பாயைப் பிடித்தது நாங்கள். இதில் உன்னுடைய பங்கு என்ன? நான் யோசித்துவிட்டு, "மடி சார்," என்றேன். அறையில் சிரிப்பு எழுந்தது. அவரும் சிரித்தார், ஆனால் மதிப்பெண்ணை ஏற்றவில்லை. அதை மறுபடி நிகழ்த்தச் சொல்லி ஒரு விழாக்காரர்கள் ஒரு தரம் அழைத்தார்கள். முடியாது என்று எழுதிவிட்டேன். வேறு நிகழ்வுகள் செய்கிறேன். திருக்கோவிலூரில் ஒரு பள்ளியில் நாடகம் சொல்லிக்கொடுக்கிறேன். எதையாவது எடுப்பதற்கு முன்னால் அது யாருடையதோ அவரிடம் போய்க் கேட்கிறேன். பாதிப் பேர் வேண்டாம் என்கிறார்கள். விட்டுவிடுகிறேன்.

மலையில் அன்றைக்கு, வேனில் எல்லோரையும் அனுப்பிவிட்டு, நானும் அம்மாவும் ஐந்தரை மணி வண்டியில் இறங்கினோம். வகுப்பு நண்பன் ஒருவன் போகும்போது அம்மாவுக்கு ஒரு பை நிறையச் சீத்தாப்பழம் வாங்கிக் கொடுத்திருந்தான். அம்மா ஜன்னல் ஓரம் உட்கார்ந்தாள். பழத்தை இரண்டாகப் பிளந்து ஒரு பாதியை எனக்குக் கொடுத்தாள். நன்றாகப் பழுத்திருந்தது. வாயில் வைத்ததும் கரைந்தது. கொட்டைகளை அவள் வளைவுகளில் ஒவ்வொன்றாக வெளியே துப்பிக்கொண்டு வந்தாள்.

"அந்த நனைஞ்ச மனுசன் யாருடி?"

"மார்க்கு போடறவரும்மா."

"அய்யய்யோ. அவரையா மழையில நிக்க வெச்ச?"

வண்டி ஒரு மேகத்துக்குள் நுழைந்தது. மழை சாய்வாக உள்ளே அடித்தது. "ஜன்னல சாத்துங்கம்மா," என்று பின்னாலிருந்து யாரோ சொன்னார்கள். "ஒரு நிமிசம் இருங்க," என்றாள் அம்மா. பழச்சாறு ஒட்டியிருந்த கையை முழங்கைவரை வெளியே நீட்டி, விரல்களை விரித்து மழையில் காட்டினாள். முன்புறமும் பின்புறமுமாகத் திருப்பித் திருப்பிக் கழுவிக்கொண்டாள். கழுவி முடிந்தபின்னும் கொஞ்ச நேரம் கையை உள்ளே எடுக்கவில்லை.